மெஷின் விட்டுவைத்த வேலை

போன வாரம் பழைய சினேகிதர் ஒருவர் போன் பண்ணினார். தாலுகா ஆபீஸில் பல வருஷம் எனக்கு எதிர் மேஜையில் இருந்தவர். "அண்ணாச்சி, ஒரு சந்தேகம். வாஷிங் மெஷின் வாங்கணும். பழைய மாடல் நல்லதா, புது மாடல் நல்லதா? மகன் ஒண்ணு சொல்லுதான், கடைக்காரன் ஒண்ணு சொல்லுதான்" என்றார். அவருக்குப் போனில் சுருக்கமாகப் பதில் சொல்லிவிட்டேன். ஆனால் சொல்ல வேண்டியது இன்னும் நிறைய இருந்ததால் இங்கே எழுதுகிறேன்.

பழைய மாடல் என்று அவர் சொன்னது இரண்டு தொட்டி உள்ள செமி ஆட்டோமேட்டிக். ஒரு தொட்டியில் துவைக்கும், இன்னொன்றில் பிழியும். புது மாடல் என்றது ஒரே தொட்டியில் எல்லாம் முடிந்துவிடுகிற ஃபுல்லி ஆட்டோமேட்டிக். இரண்டிலும் மேல்பக்கம்தான் மூடி. முன்பக்கம் கதவு வைத்த மெஷினைப் பற்றி நான் பேசப் போவதில்லை. குனிந்து துணி எடுக்கிற எதுவும் எழுபதைத் தாண்டிய எங்களுக்கு ஆகாது.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு மீடியத்தில். 1962 ஆகஸ்ட் 16-ம் தேதி புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது எனக்குப் பதிமூன்று வயது. பிரெஞ்சில் சலவைத் தூளை 'லெசீவ்' என்பார்கள். துணி துவைக்கிற வேலைக்கும் அதே சொல்தான். அதற்கும் முன்னால், அடுப்புச் சாம்பலில் வெந்நீர் ஊற்றி வடித்தெடுத்த காரத் தண்ணீருக்கு அந்தப் பேர். சாம்பல் போய் பவுடர் வந்த பிறகும் பேர் மாறவில்லை.

பிறகு அம்மாவின் ஊரான திருநெல்வேலிக்கு வந்துவிட்டோம். இங்கே வண்ணார்பேட்டை என்று ஒரு பேட்டையே இருக்கிறது. அந்தக் காலத்தில் உவர்மண்ணில் துணியை முக்கி, வெள்ளாவி வைத்து, தாமிரபரணியில் அலசி எடுத்தார்கள். பிரான்சில் சாம்பல், இங்கே உவர்மண். வித்தை ஒன்றுதான்: காரம், சூடு, நிறையத் தண்ணீர், அதற்கு மேல் அடிக்கிற கை. இன்றைய மெஷினும் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. அடிக்கிற கைக்குப் பதிலாகத் தொட்டிக்கு அடியில் ஒரு சக்கரத்தை வைத்தது, அவ்வளவுதான். அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறிச் சுற்றித் துணியைப் புரட்டுகிறது.

அம்மா குறுக்குத்துறையில் துவைப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆற்றுத் தண்ணீரில் துளி சோப்புக்கே நுரை பொங்கும். பின்னால் நாங்கள் கட்டிய வீட்டில் கிடைத்தது போர் தண்ணீர். சுத்தமான உப்பு. உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிதிரியாகப் போகும், நுரை வராது. என் மனைவி அந்தத் தண்ணீரில்தான் பல வருஷம் கல்லில் அடித்துத் துவைத்தாள். கை தோலுரிந்து கிடக்கும். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு படுப்பாள்.

2007-ல் நான் ரிட்டையர் ஆனபோது வந்த பணத்தில் இரண்டு தொட்டி மெஷின் ஒன்று வாங்கினேன். பெரிய உபகாரம் செய்துவிட்டதாக எனக்கு நினைப்பு. அந்த மெஷினைப் பற்றி நான் பேசாத ஆள் கிடையாது. நியாயமாகச் சொன்னால் அதில் நல்லது நிறைய உண்டு.

முதலில் தண்ணீர். வெள்ளைத் துணி, அதே சோப்புத் தண்ணீரில் கலர்த் துணி, கடைசியில் மிதியடி என்று ஒரே தண்ணீரை மூன்று தடவை பயன்படுத்தலாம். பைப்பில் வேகமே இல்லாவிட்டாலும் வாளியில் மொண்டு ஊற்றினால் போதும். துணியும் நன்றாகப் பிழியும். பிழிகிற தொட்டியை எல்லாரும் 'டிரையர்' என்கிறோம், ஆனால் அது காய வைக்காது, சுற்றிப் பிழியும். நிமிஷத்துக்கு 1,300 சுற்றுக்கு மேல் சுற்றும். ஒரே தொட்டி மெஷின்கள் பெரும்பாலும் 700 சுற்றை ஒட்டியே நின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வித்தியாசம் கொடியில் தெரியும். கடைசியாக ரிப்பேர். ஒரு மோட்டார், ஒரு பெல்ட், திருகுகிற டைமர். உள்ளூர் மெக்கானிக்குக்கே எல்லாம் அத்துப்படி.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளத்தை நம் ஊர்க்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். வடிந்த பிறகு பார்த்தால் மெஷினுக்குள் ஆற்று வண்டல். மெக்கானிக் பிரித்துப் போட்டுக் கழுவி, மோட்டாரை வெயிலில் காய வைத்து, கெப்பாசிட்டரும் டைமரும் மாற்றி ஓட்டிக் காட்டினார். "இதுல கெட்டுப் போறதுக்கு என்ன அண்ணாச்சி இருக்கு?" என்றார். பக்கத்து வீட்டுப் புது மெஷினில் எலக்ட்ரானிக் போர்டு போய்விட்டது. அந்த மாடலுக்குப் போர்டு கிடைக்கவில்லை. பழைய இரும்பு விலைக்குப் போட்டார்கள்.

அன்றிலிருந்து எனக்கு வாய் நீண்டுவிட்டது. மகள் "அப்பா, அம்மாவுக்கு முடியல. ஃபுல்லி ஆட்டோமேட்டிக் ஒண்ணு வாங்குங்க" என்று சொல்லும்போதெல்லாம் வெள்ளக் கதையை எடுத்துவிடுவேன். ஓடுகிற மெஷினை எதற்கு மாற்ற வேண்டும்? தண்ணீர்க் கணக்கு, கரண்டுக் கணக்கு எல்லாம் போட்டுக் காட்டுவேன். நாற்பது வருஷம் கணக்கு எழுதிய கை அல்லவா!

2024 ஐப்பசியில் ஒரு காலை, என் மனைவி நனைந்த போர்வையைத் துவைக்கிற தொட்டியிலிருந்து தூக்கி டிரையருக்கு மாற்றும்போது புறவாசல் ஈரத்தில் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு எலும்பு முறிவு. ஆறு வாரம் கட்டு.

வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. நான்தான் துவைத்தேன். எழுபத்தைந்து வயதில் முதல் தடவையாக என் சட்டையை நானே துவைத்தேன் என்று எழுத இப்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் உண்மை அதுதான்.

மூன்றாம் நாளே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. தண்ணீர் நிரம்பும்வரை பக்கத்தில் நிற்க வேண்டும். அடித்து முடித்ததும் மணி அடிக்கும், எழுந்து போக வேண்டும். ஒவ்வொரு துணியாக எடுத்து டிரையரில் சமமாக அமுக்கி வைக்க வேண்டும். ஒரு பக்கம் கனம் கூடினால் மெஷின் தடதடவென்று ஆடும், நிறுத்தி மறுபடி அடுக்க வேண்டும். அழுக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டு, புதுத் தண்ணீர் பிடித்து, பிழிந்ததை மறுபடி தூக்கிப் போட்டு அலச வேண்டும். பிறகும் ஒரு தடவை பிழிய வேண்டும். நனைந்த ரெட்டைப் போர்வை ஒரு பிள்ளையின் கனம் கனக்கிறது. பழக்கதோஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டில் எழுதினேன். ஒரு லோடு துணிக்கு நாற்காலியை விட்டு எழுந்தது பதினொரு தடவை. அன்றைக்கு மூன்று லோடு.

ராத்திரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டேன், "இத்தனை கஷ்டம் இருக்குன்னு ஏன் நீ சொல்லவே இல்ல?"

"சொன்னேனே. நீங்கதான் ஓடுத மெஷினை எதுக்கு மாத்தணும்னீங்க" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

தண்ணீரை லிட்டரில் எண்ணினேன், கரண்டை யூனிட்டில் எண்ணினேன். அவள் எழுந்ததையும் குனிந்ததையும் பதினேழு வருஷம் எந்தக் கணக்கிலும் எழுதவில்லை. மெஷின் பாதி வேலை செய்தது, மீதிப் பாதியை அவள் செய்தாள். நானோ முழு வேலையையும் மெஷின் செய்வதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சுவீடன் நாட்டு டாக்டர் ஹான்ஸ் ரோஸ்லிங் 2010-ல் வாஷிங் மெஷினைப் பற்றியே ஒரு சொற்பொழிவு செய்தார். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வீட்டுக்கு முதல் மெஷின் வந்ததாம். ஆயுள் முழுக்கக் கையால் துவைத்த பாட்டி, தானே பொத்தானை அமுக்கிவிட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்து, அது ஓடி முடிகிற வரை பார்த்துக்கொண்டே இருந்தாராம். மிச்சமான நேரத்தில் அம்மா அவரை நூலகத்துக்குக் கூட்டிப் போய்ப் புத்தகம் வாசித்துக் காட்டினாராம். அதைக் கேட்டபோது ரசித்துச் சிரித்தேன். அடுத்த அறையில் டிரையர் ஓடிக்கொண்டிருந்தது.

2025 தைப் பொங்கல் முடிந்து புது மெஷின் வாங்கினோம். அதில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

தண்ணீர் கூடுதலாகத்தான் குடிக்கிறது. வெளியேறும் தண்ணீரை வாளியில் பிடித்துப் பார்த்தேன். 15 லிட்டர் வாளிக்கு எட்டு வாளி, அதாவது 120 லிட்டர். பழையதில் 80 லிட்டரில் முடித்துவிடுவோம். கடைசி அலசல் தண்ணீரில் சோப்பு அவ்வளவாக இருக்காது என்பதால் அதை மட்டும் டிரம்மில் பிடித்துப் புறவாசல் கழுவுகிறோம்.

பைப்பில் வேகம் வேண்டும். மாடித் தொட்டி மெஷினுக்கு மேலே பத்தடி உயரத்திலாவது இருந்தால்தான் ஒழுங்காக நிரம்புகிறது. தண்ணீர் வருகிற ஹோஸின் முனையில் ஒரு சின்ன சல்லடை இருக்கிறது. உப்புத் தண்ணீரில் அது அடைத்துக்கொள்ளும். மாதம் ஒரு தடவை கழற்றிப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும்.

துணியின் கனத்தைத் தானே பார்த்து தண்ணீர் அளவை முடிவு செய்கிறேன் என்கிறது. சில நாள் குறைவாக எடுத்து, கறுப்புப் பேன்ட்டில் பவுடர் கோடு விட்டுவிடுகிறது. அளவை நாமே கூட்டி வைத்து, பவுடரைக் குறைத்தால் சரியாகிவிடும். டப்பாவில் போட்டிருக்கும் அளவில் பாதியே எங்கள் இரண்டு பேர் துணிக்குப் போதுமாக இருக்கிறது. சாக்கடையில் போகிற நுரை எல்லாம் கடைசியில் தாமிரபரணிக்குத்தானே போகிறது!

இன்னொன்று, கடையில் யாரும் சொல்லாதது. தொட்டி ஆழம். நான் உயரம், எனக்கு எட்டும். என் மனைவிக்கு அடியில் கிடக்கும் கர்ச்சீப் எட்டாது. கடையில் மூடியைத் திறந்து அவளையே கையை விட்டுப் பார்க்கச் சொன்னோம். முதலில் காட்டிய மாடல் எட்டவில்லை. அதைவிடக் குட்டையான ஒன்றை எடுத்தோம். அதில் விளக்கும் பொத்தானும் குறைவு. போர்டு என்றைக்காவது போகும் என்று தெரியும். அதனால் தரையிலிருந்து ஓரடி உயரத்துக்குச் செங்கல் மேடை கட்டப் பார்த்தேன். அப்புறம் அவளுக்கு மறுபடி எட்டாது என்று கடைசி நேரத்தில் உறைத்தது. அரையடியோடு நிறுத்திவிட்டேன். வெள்ளம் வந்தால் வரட்டும்.

பழைய மெஷினை நான் குறை சொல்லவில்லை. இளவயசுக்காரர்கள், வாடகை வீட்டில் பைப் வசதி இல்லாதவர்கள், தண்ணீருக்குத் தவிக்கிற தெருவில் இருப்பவர்கள் இன்றைக்கும் அதைத் தாராளமாக வாங்கலாம். விலையும் குறைவு. எங்களுடையது இப்போது மெக்கானிக் வீட்டில் நன்றாக ஓடுகிறது. ஆனால் வயதானவர்கள் மட்டும் இருக்கிற வீட்டில் ஈரத் துணியைத் தூக்கி மாற்றுகிற வேலை இருக்கவே கூடாது என்பது என் முடிவு. ஒரு மணிக்கட்டின் விலைக்கு முன்னால் நாற்பது லிட்டர் தண்ணீர் பெரிதில்லை.

அவளுக்குக் கை சரியாகிவிட்டது. ஆனாலும் துணி துவைப்பது இப்போது என் பொறுப்புதான். நான் கொடியில் காயப் போடுகிற அழகைப் பார்த்து அவள் சொல்கிற வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

போன் பண்ணிய சினேகிதரிடம் நான் திருப்பி ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "உங்க வீட்டுல யாரு துவைக்கா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அவதான்" என்றார்.

"அப்ப மகனையும் விட்டுடுங்க, கடைக்காரனையும் விட்டுடுங்க. அவகளைக் கடைக்குக் கூட்டிட்டுப் போய், தொட்டியோட அடி வரைக்கும் கை எட்டுதான்னு பாக்கச் சொல்லுங்க" என்றேன்.