நமக்காகப் பேசுபவர் யார்?

நிலம் விற்கவும் வீடு வாங்கவும் 'பவர்' பத்திரம் எழுதுவது நம் குடும்பங்களுக்குப் புதிதன்று. ஆனால் நாம் நினைவிழந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும்போது, மருத்துவரிடம் நமக்காகப் பேசுபவர் யார்? செயற்கைச் சுவாசம் தொடரட்டும் என்பான் மகன்; போதும் என்பாள் மகள்; தாயோ கண்ணீர் வடிப்பாள். நோயாளியின் விருப்பத்தை அறிந்தவர் எவருமிலர்.

இதற்கு வழி உண்டு. நம் உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9-இல் அளித்த தீர்ப்பும், அதனை எளிதாக்கிய 2023 சனவரி ஆணையும் இவ்வழியைக் காட்டியுள்ளன. வயது வந்த எவரும் தெளிந்த மனத்துடன், நெருங்கிய உறவினர் ஒருவரையோ பலரையோ குறித்துப் பத்திரம் எழுதலாம். இரு சாட்சிகள் முன் கையொப்பமிட்டு, நோட்டரியிடம் சான்று பெற்றால் போதும். விரும்பினால் பின்னர் மாற்றவும் செய்யலாம்.

இப்பத்திரத்தால் மருத்துவருக்குரிய கடமைகள் யாவை? நோயாளி சிந்தித்துப் பேச வல்லவராயின் அவரையே கேட்டல் வேண்டும். பத்திரம் அவர் வாயை அடைப்பதற்கன்று. அவர் அந்நிலையை இழந்தபின், பத்திரம் உண்மையானதுதானா என்று ஆராய்தல் வேண்டும். குறிக்கப்பட்டவரிடம் நோயின் தன்மையையும், சிகிச்சை அளித்தாலும் அளிக்காவிடினும் விளைவதையும் மறைக்காமல் விளக்கி, அவரது இசைவைப் பெறுதல் வேண்டும். மீளும் நம்பிக்கையற்ற நிலையிலும் தாமே தனித்து முடிவெடுக்கலாகாது. மருத்துவர் குழுவொன்றும், அதன்பின் வேறொரு குழுவும் ஒப்புதல் அளித்தல் வேண்டும். ஒவ்வொன்றும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துரைக்கும். குற்றவியல் நடுவருக்கும் மருத்துவமனை அறிவித்தல் வேண்டும்.

இது கருணைக்கொலைக்கு வழியன்றோ என்று சிலர் அஞ்சலாம். ஊசியிட்டு உயிரைப் பறிப்பதை நீதிமன்றம் அனுமதிக்கவில்லை. திருச்சபையும் ஒருபோதும் ஏற்காது. ஆயினும் மரணம் நெருங்கிவிட்ட வேளையில், வேதனையை மட்டும் நீட்டிக்கும் சிகிச்சையை மறுக்கலாம் என்று 1980-இல் திருப்பீடம் வெளியிட்ட அறிக்கை தெளிவுறுத்தியது. ஆனால் நோயாளிக்குரிய இயல்பான பராமரிப்பு நிற்கலாகாது என்றும் அதுவே கூறியது. நோவைத் தணித்தல், உடலைத் தூய்மையாய்க் காத்தல், அருகிருந்து ஆறுதல் அளித்தல் ஆகியவை இறுதி மூச்சுவரை மருத்துவருக்கும் நமக்கும் உரிய கடமைகளாம்.

பெட்டியில் பூட்டிய பத்திரம் எவருக்கும் பயன்படாது. குறிக்கப்பட்டவரிடமும் குடும்ப மருத்துவரிடமும் அதன் படியைக் கொடுத்து வைப்போம். அதற்கு முன்னர், வரும் ஞாயிறன்று உணவு முடிந்தபின் முதிய பெற்றோரருகே அமர்ந்து, அவர்கள் விருப்பத்தைப் பரிவோடு கேட்போம். நம் விருப்பத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்வோம்.