கண்புரைச் சிகிச்சையும் தறியின் தூரமும்

கண்புரைக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டபின், "கோயில் கோபுரம் தெளிவாகத் தெரிகிறது; எதிரிலுள்ள பாவுதான் தெரியவில்லை" என்று மனம் சோரும் அங்கத்தினர் ஆரணிச் சங்கங்களில் உளர். சிகிச்சை பழுதாயிற்று என்று அவர்கள் எண்ணுகின்றனர். பெரும்பாலும் அது பழுதன்று. கண்ணினுள் வைத்த வில்லை, எத்தூரத்துக்கெனக் கணக்கிடப்பட்டதோ அத்தூரத்தையே தெளிவாகக் காட்டுகிறது.

பிறவியில் அமைந்த வில்லை இளமையில் தன் வளைவை மாற்றி அண்மையையும் சேய்மையையும் காட்டவல்லது. நாற்பதைத் தாண்டியதும் அத்திறன் குன்றுவதே வெள்ளெழுத்து. செயற்கை வில்லைக்கோ அத்திறன் தொடக்கத்திலேயே இல்லை. அதனைக் கண்ணில் வைக்கும் முறையை 1949-இல் இலண்டனில் ஹரால்டு ரிட்லி தொடங்கினார். எனினும் நம் முதியோர் நெடுங்காலம் தடித்த கண்ணாடியையே நம்பியிருந்தனர். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையினர் 1992-இல் ஆரோலேப் நிறுவனத்தைத் தொடங்கி, வில்லைகளைக் குறைந்த விலையில் இங்கேயே செய்யலாயினர். எளியோர்க்கும் அது எட்டியது.

வழக்கமாக வைக்கப்படுவது ஒரே தூரத்துக்குரிய வில்லை. அதனைப் பெரும்பாலும் தொலைவுக்கே கணக்கிடுவர். படிப்பதற்குச் சுமார் 2.5 பவர் கண்ணாடி தருவர். அக்கண்ணாடி 40 சென்டிமீட்டரில் பிடித்த தாளுக்குரியது. நெய்யுமிடம் கண்ணிலிருந்து 60 சென்டிமீட்டரில் இருப்பின் 1.5 அல்லது 1.75 பவரே போதும். இதனை அறியாது 2.5 கண்ணாடியுடன் தறியில் அமர்பவர் நாள் முழுதும் குனிந்தே நெய்ய வேண்டும். முதுகு படும் பாட்டை நெசவாளர்க்கு நான் சொல்ல வேண்டுவதில்லை.

வில்லையையே தறியின் தூரத்துக்குக் கணக்கிடலாகுமா என்று மருத்துவரைக் கேட்கலாம். கணக்கில் சிறு வேறுபாடு நேரக்கூடும். மற்றக் கண்ணின் நிலையையும் அவர் பார்க்க வேண்டும். இயலுமாயின், தறியில் கண்ணாடியின்றி அமரலாம். பேருந்தின் பலகையைப் படிக்கத்தான் கண்ணாடி வேண்டும். தறியே பிழைப்பானவர்க்கு இதுவே இலாபமென்பது என் கருத்து. ஆனால் சிகிச்சைக்கு முன்னரே கேட்க வேண்டும். வைத்த வில்லையை மாற்றுவது எளிதன்று.

"கண்ணாடியே வேண்டாம்" என்று கூறி விற்கப்படும் பல்தூர வில்லை வேறு வகை. அது ஒளியைப் பங்கிட்டு அண்மைக்கும் சேய்மைக்கும் அனுப்புகிறது. அதனால் நிறவேறுபாடு சற்று மங்கலாம். இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தோன்றலாம். கணக்கெழுதும் எங்கள் இலாகாவினர்க்கு அது பொருந்தக்கூடும். வெளிச்சம் குறைந்த தறிக்கூடத்தில், கறுப்புப் பட்டில் அறுந்த கறுப்பிழையைத் தேடி முடிச்சிடுபவர், பலமுறை யோசிக்க வேண்டும். விலை மிகுந்ததே மேலானதென்று நம்பி அதற்காகக் கடன் வாங்குவதை நான் ஒப்பேன்.

சங்கக் காரியதரிசிகளுக்கு ஒரு வேண்டுகோள். கண் சிகிச்சை முகாமுக்குச் செல்லும் அங்கத்தினரை, முன்னதாக அவர் தறியிலேயே அமர்த்தி, கண்ணிலிருந்து நெய்யும் துணியின் விளிம்புவரை அளந்து, அந்த அளவைச் சென்டிமீட்டரில் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்புக. அவர் பட்டு நெசவாளர் என்பதையும், நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் தறியில் அமர்கிறார் என்பதையும் அச்சீட்டிலேயே குறிக்கலாம்.