உருகியின் மேல் கோபம் ஏன்?

"மின் உருகி என்றால் என்ன?" என்று தேர்வில் கேட்டால் நீங்கள் சரியாக விடை எழுதிவிடுவீர்கள். "அது ஏன் உருகிற்று?" என்று கேட்கத்தான் நாம் பழகவில்லை.

சுசீந்திரத்தில் கும்பப்பூ அறுவடைக் காலம். அந்தி சாயும் வேளையில் சாலையோரம் ஒரு டிராக்டர் நின்றிருந்தது. டிரெய்லர் நிறைய வைக்கோல். பின்விளக்குகள் எரியவில்லை. புதுப் பியூஸ் போட்டதும் போய்விட்டதாம். "வெள்ளித்தாளைச் சுத்திப் போட்டா வீடு சேர்ந்திரலாம்லா, சார்!" என்றார் ஓட்டுநர், சிகரெட் பெட்டியைப் பிரித்தபடி.

சற்றே கணக்குப் போடுவோம். 12 வோல்ட் பாட்டரி. டிரெய்லரில் 5 வாட் பல்புகள் இரண்டு. அவற்றுக்கு 1 ஆம்பியர் மின்னோட்டம்கூட வேண்டாம். அப்படியிருக்க 10 ஆம்பியர் உருகி ஏன் உருகுகிறது? எங்கோ கம்பியின் உறை தேய்ந்து, செம்பு இரும்புச் சட்டத்தைத் தொடுகிறது. பல்பைத் தொடாமலே மின்னோட்டம் குறுக்கு வழியில் திரும்பிவிடுகிறது. அப்போது 100 ஆம்பியர்கூடப் பாயக்கூடும்.

1841இல் ஜூல் வெளியிட்ட விதியை நினைவுகூருங்கள். வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 10 ஆம்பியர் 100 ஆனால் வெப்பம் 100 மடங்கு! உருகியின் இடத்தில் வெள்ளித்தாளையோ தடித்த கம்பியையோ வைத்தால், வண்டியின் ஒயரே உருகியாகிவிடும். அதன் மேலே இருப்பதோ வைக்கோல்!

நாங்கள் முதலில் டிரெய்லரின் பிளக்கைக் கழற்றிவிட்டு, அதே அளவுள்ள புது உருகியைப் போட்டோம். அது நின்றது. பிளக்கை மாட்டியதும் போயிற்று. எனவே பழுது டிராக்டரில் இல்லை, டிரெய்லரில்தான். பாதி வேலை முடிந்தது.

இனியும் உருகிகளை வீணாக்குவானேன்? உருகியின் இடத்தில் 21 வாட் பிரேக் பல்பு ஒன்றை இணைத்தோம். மின்னோட்டம் இப்போது 2 ஆம்பியரைத் தாண்டாது. பழுது இருக்கும்வரை பல்பு முழு ஒளியுடன் எரியும். பழுது விலகினால் மங்கும். ஓட்டுநர் ஒயரை முன்னிருந்து பின்னாக அசைத்துக்கொண்டே போனார். பின்மூலையில், இரும்புத் துளை வழியே ஒயர் நுழையும் இடத்தில் பல்பு மங்கிற்று. துளையின் கூரிய விளிம்பு உறையை அறுத்திருந்தது! டேப் சுற்றி, துளையில் ரப்பர் வளையம் பொருத்தி, 10 ஆம்பியர் உருகியையே மீண்டும் போட்டோம். பின்விளக்குகள் சிவந்து எரிந்தன. பின்னால் வரும் பேருந்துக்கு அந்த வெளிச்சம்தானே எச்சரிக்கை?

இந்தச் சோதனை 12 வோல்ட் வண்டிக்கு மட்டுமே. வீட்டு மின்சாரத்தில் செய்து பார்க்கவே கூடாது.

உருகியின் இலக்கணத்தைச் சொல்லிக்கொடுக்கும் நாங்கள், பழுது தேடும் முறையையும் சொல்லித்தர வேண்டும் என்பேன். உருகி நமக்குச் செய்தி சொல்லிவிட்டு மடிகிற தூதன். தூதனைத் திட்டி என்ன பயன்? செய்தி என்னவென்று கேளுங்கள்.