தாய் என்ற பட்டம் போதுமா?

அமெரிக்க நாட்டில் மேரி ஆன் பிக்கர்டைக் என்று ஓர் அம்மையார் இருந்தார். 1817-ல் ஒஹையோ மாகாணத்தில் பிறந்தவர். 1859-ல் புருஷன் இறந்துபோனார். அம்மையார் மூலையில் உட்காரவில்லை. கேல்ஸ்பர்க் என்னும் ஊரில் பச்சிலை வைத்தியம் செய்து தமது இரண்டு ஆண் பிள்ளைகளையும் காப்பாற்றி வந்தார்.

1861-ல் அடிமை வழக்கத்தின் காரணமாக அங்கே உள்நாட்டு யுத்தம் மூண்டது. ஊரார் சேர்த்துக் கொடுத்த மருந்தையும் துணியையும் கெய்ரோ என்ற ஊரிலிருந்த பாசறைக்குக் கொண்டுபோனார் அம்மையார். ஒப்படைத்துவிட்டுத் திரும்ப வேண்டியவர், நோயாளிகள் அழுக்கிலே கிடந்து புழுங்குவதைக் கண்டு அங்கேயே நின்றுவிட்டார். பிள்ளைகளை அயலார் வளர்த்தார்கள்.

அந்த யுத்தத்தில் மாண்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரைக் கொன்றது துப்பாக்கிக் குண்டல்ல, பேதி, ஜுரம் முதலிய நோய்களேயாகும். அம்மையார் அதற்கெதிராக எடுத்த ஆயுதம் எது? சோப்பு, வெந்நீர், துடைப்பம், நோயாளிக்கேற்ற ஆகாரம், இவைகளேதான்! தூர எறிய வேண்டுமென்ற இரத்தத் துணிகளை வெளுக்கச் செய்தார். டொனல்சன் கோட்டைச் சண்டைக்குப் பிறகு, இரவில் லாந்தரை எடுத்துக்கொண்டு பிணங்களுக்கிடையே உயிருள்ளவன் எவனாவது கிடக்கிறானா என்று தேடினார். குடித்துவிட்டு நேரங்கழித்து வந்த வைத்தியரை வேலையிலிருந்து விலக்கும்படி செய்தார். சிப்பாய்கள் அவரை 'தாய்' என்றே அழைத்தார்கள்.

சரி; யுத்தம் 1865-ல் முடிந்தது. அந்தத் தாய்க்கு சர்க்கார் உபகாரச் சம்பளம் கொடுத்தது எப்போது? 1886-ல்! மாதம் 25 டாலர்! இடையிலுள்ள இருபத்தொரு வருஷமும் அம்மையார் சும்மா இருக்கவில்லை. ஊனமுற்ற சிப்பாய்களுக்கும் உடன் உழைத்த நர்சுகளுக்கும் உபகாரச் சம்பளம் கேட்டு அலைந்துகொண்டிருந்தார். சாதாரண யுத்த நர்சுகளுக்கு 1892-ல்தான் சட்டம் வந்தது. அதுவும் மாதம் 12 டாலரே. 1901-ல் கான்சாஸ் மாகாணத்தில் மகன் வீட்டில் அம்மையார் காலமானார். பிறகு கேல்ஸ்பர்க்கில் சிலையும் வைத்தார்கள்.

இது பழங்கதையென்று யாரும் தள்ளிவிட வேண்டாம். 2020-ல் கொரோனா பரவியபோது பிரிட்டனில் ஜனங்கள் வாரந்தோறும் வாசலில் நின்று நர்சுகளுக்காகக் கைதட்டினார்கள். 2022 டிசம்பரில் அதே நர்சுகள் சம்பளம் போதாதென்று வேலைநிறுத்தம் செய்யும்படி ஆயிற்று. கைத்தட்டல் அடுப்பில் வேகுமா?

தாய் என்று கூப்பிடுவதை நாம் குற்றமாகச் சொல்லவில்லை. தாய் கூலி கேட்கமாட்டாள் என்று எண்ணி அப்படிக் கூப்பிடுவதைத்தான் மோசமென்கிறோம். பிறர் பிள்ளையின் புண்ணைக் கழுவுகிறவளுக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கும் பசி உண்டு. பிக்கர்டைக் அம்மையாரை நினைப்பவர்கள், சிலைக்கு மாலை போடுவதற்கு முன், இன்றைக்கு இராத்திரி வைத்தியசாலையில் கண்விழிக்கும் நர்சுக்குச் சேர வேண்டியது சேர்ந்ததா என்று கேட்கட்டும். அதுவே அந்த அம்மையாருக்குச் செய்யும் மரியாதையாகும் என்பது நமது அபிப்பிராயம்.