ஸ்கூல்ல இருந்து போன் வந்தா பதறாதீங்க!

அரசு உயர்நிலைப் பள்ளியிலிருந்து போன் வந்தாலே, ‘பிள்ளை என்ன தப்பு செஞ்சானோ’ என்று பதறும் பெற்றோர் அதிகம். ஆண்டு விழாவில் கைதட்டுவது, ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடுவது... நம் பங்கு இவ்வளவுதானா?

பள்ளி மேலாண்மைக் குழுவில் குறைந்தது நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம். தமிழகத்தில் உயர்நிலைப் பள்ளிகளிலும் இந்தக் குழு உண்டு.

கழிவறையில் தண்ணீர் வருகிறதா? பத்தாம் வகுப்பு மாலை சிறப்பு வகுப்பு முடிந்து திரும்பும் பெண் பிள்ளைகளுக்கு பஸ் இருக்கிறதா? குழுவில் பேசினால் தீர்மானமாகப் பதிவாகும்.

கூட்டத்துக்குப் போனால் அரைநாள் கூலி போகும் என்பது உண்மைதான். உங்கள் தெருவில் உறுப்பினராக இருக்கும் அம்மாவிடமாவது சொல்லி அனுப்புங்கள். அடுத்த கூட்டம் எப்போது என்று நாளையே விசாரியுங்கள்!