டிவி விழுங்கும் ஓரம்

விடிய விடிய மழை கொட்டிய ஐப்பசிக் காலையில் சத்துவாச்சாரியில் எந்த வீட்டுக்குப் போனாலும் டிவி ஓடிக்கொண்டிருக்கும். செய்தி வாசிப்பவரை யாரும் பார்ப்பதில்லை. எல்லோர் கண்ணும் அடியில் ஓடும் வரியில்தான் இருக்கும். பள்ளிகளுக்கு விடுமுறையா, எந்தெந்த மாவட்டத்துக்கு? 2019-ல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபிறகு இந்தக் கேள்வி இன்னும் சிக்கலாகிவிட்டது. பிள்ளை படிப்பது வேலூர் மாவட்டத்தில். அம்மா பாடம் நடத்தப் போகிற ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்தில். அந்த ஒரு வரி முழுசாகத் தெரிந்தாக வேண்டும். ஆனால் பல வீட்டு டிவிகளில் எழுத்தின் அடிப்பகுதி சட்டத்துக்குப் பின்னால் போய்விடுகிறது.

தமிழுக்கு இந்த வெட்டு ரொம்பவே வலிக்கும். ‘ரு’, ‘மு’, ‘கு’ என்ற எழுத்துகளில் உகரத்தைக் காட்டும் வளைவு கீழேதான் இருக்கிறது. அடி போனால் உகரம் போச்சு. மேல் ஓரம் போனால் புள்ளி போச்சு.

குறை பெரும்பாலும் கேபிள்காரரிடமோ சேனலிடமோ இல்லை, டிவியின் அமைப்பில் இருக்கிறது. வருகிற படத்தைச் சற்றே பெருக்கி, நாலு ஓரத்தையும் திரைக்கு வெளியே தள்ளிவிடுவதற்கு ஓவர்ஸ்கேன் என்று பெயர்.

டப்பா டிவி காலத்தில் இதற்கு நியாயம் இருந்தது. சென்னையில் தூர்தர்ஷன் தொடங்கியது 1975-ல். சாலிடேர், டயனோரா பெட்டிகள் வைத்திருந்த வீட்டுக்காரர்களுக்கு நினைவிருக்கும்: மாலையில் வோல்டேஜ் இறங்கினால் படம் சுருங்கி, ஓரத்தில் கறுப்புப் பட்டை விழும். பிக்சர் டியூபுக்குள் எலெக்ட்ரான் கற்றையைக் காந்தச் சுருள்கள் வளைத்து வளைத்துத்தான் படம் வரைந்தன. மின்னழுத்தம் மாறினாலும், பெட்டி சூடானாலும், டியூபுக்கு வயதானாலும் படத்தின் அளவு மாறும். அந்தப் பட்டை கண்ணில் படாமலிருக்கத்தான் தயாரிப்பாளர்கள் படத்தைத் திரையின் எல்லைக்கு அப்பாலும் பரவவிட்டார்கள். ஓரம் தொலையும் என்று தெரிந்து நிலையங்களும் உஷாராயின: முக்கியமான அசைவுகள் நடுவிலுள்ள 90 சதவீத அகல உயரத்துக்குள், எழுத்துகள் 80 சதவீதத்துக்குள் என்பது அந்நாளைய வழக்கம். 2006-ல் தமிழக அரசு இலவசமாக வழங்கத் தொடங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சியும் டியூப் பெட்டிதான்.

எல்இடி டிவியில் கற்றையும் இல்லை, சுருளும் இல்லை. ஃபுல் எச்டி திரையில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள் அசையாமல் உட்கார்ந்திருக்கின்றன. வருகிற எச்டி படத்திலும் அதே எண்ணிக்கை. புள்ளிக்குப் புள்ளி பொருந்த வேண்டிய இடத்தில், பக்கத்துக்கு இரண்டரை சதவீதம் வெட்டினால் மிஞ்சுவது 1824க்கு 1026. கிட்டத்தட்ட 2 லட்சம் புள்ளிகள் போய்விடுகின்றன, பத்தில் ஒரு பங்கு. மிஞ்சியதை இழுத்து முழுத்திரைக்கும் பரப்புவதால் எழுத்தின் விளிம்பும் மழுங்கிப்போகிறது. ஆம்பூர்ப் பக்கம் தோலின் ஓரத்தைச் சீவுகிறவர் உதவாத பகுதியைத்தான் சீவுவார். டிவியோ காசு கொடுத்து வாங்கிய நல்ல படத்தைச் சீவுகிறது.

2020-ல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது கல்வித் தொலைக்காட்சிதான் எத்தனையோ பிள்ளைகளுக்கு வகுப்பறை. அப்படிப் படிக்கிற பிள்ளைக்குக் கணக்கின் கடைசி வரி தெரியாமல் போவது சின்ன விஷயம் அல்ல. லேப்டாப்பை டிவியில் இணைத்துப் பார்க்கிறவர்களுக்கு இன்னும் பாடு. அடியிலுள்ள டாஸ்க்பாரே காணாமல் போய்விடும்.

சரிசெய்யச் செலவில்லை. ரிமோட்டில் செட்டிங்ஸ் போய், ‘பிக்சர்’ பகுதியில் படத்தின் அளவைத் தேட வேண்டும். முதலில் 16:9 தேர்ந்தெடுக்க வேண்டும். சில டிவிகளில் அதன் பிறகுதான் அடுத்த வாய்ப்பே தலைகாட்டும். எல்ஜியில் அது ‘ஜஸ்ட் ஸ்கேன்’, சாம்சங்கில் ‘ஃபிட் டு ஸ்க்ரீன்’ அல்லது ‘ஸ்க்ரீன் ஃபிட்’, சோனியில் ‘டிஸ்ப்ளே ஏரியா’வுக்குள் ‘ஃபுல் பிக்செல்’. வேறு சிலவற்றில் ‘ஓவர்ஸ்கேன்’ என்றே இருக்கும், அதை ஆஃப் செய்ய வேண்டும். பல டிவிகள் ஒவ்வொரு எச்டிஎம்ஐ இணைப்புக்கும் தனித்தனியாக இதை நினைவில் வைக்கும் என்பதால் செட்டாப் பாக்ஸுக்கு ஒரு தடவை, லேப்டாப்புக்கு ஒரு தடவை மாற்ற வேண்டிவரலாம். டிவியின் அமைப்பை மாற்றியும் ஓரம் வெட்டுப்பட்டால் செட்டாப் பாக்ஸில் ‘ஜூம்’ போட்டிருக்கிறதா என்று பார்க்கலாம். எச்டி இல்லாத பழைய சேனல் சிலவற்றில் மேல் ஓரத்தில் வெள்ளைப் புள்ளிகள் துடிக்கும். அதற்கு மட்டும் பழைய அமைப்பையே விட்டுவைப்பதில் தப்பில்லை.

ஒரே வேலைக்கு இத்தனை பெயர் வைத்து, அதையும் நாலு மெனுவுக்கு உள்ளே ஒளித்துவைப்பது வாங்குகிறவருக்குச் செய்யும் அநியாயம். டியூபோடு போயிருக்க வேண்டிய வழக்கம் இது. எச்டி படத்துக்கு ஓவர்ஸ்கேனை அணைத்தே டிவியை ஆலையிலிருந்து அனுப்ப வேண்டும், வேண்டுமென்கிறவர் போட்டுக்கொள்ளட்டும். அதுவரை இந்தப் பொறுப்பு டிவியைச் சுவரில் மாட்டித் தர வருகிறவருக்கு உண்டு. புது டிவி வாங்குகிறவர்கள், அவர் டிரில்லை எடுத்துப் பையில் வைக்கும் முன் ஒரு செய்திச் சேனலைப் போடச் சொல்லுங்கள். அடியில் ஓடும் வரி முழுசாகத் தெரிந்த பிறகு அவரை அனுப்புங்கள்.