யார் தலையில் சிக்கனம்?

சிக்கனம் நல்ல குணம். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. வாடகை கொடுத்து, வட்டி கட்டி, பிள்ளைகளைப் படிக்க வைத்து, அதற்கு மேலும் ஒரு நூறு ரூபாயை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்கத் தெரிந்த பெண்களின் வயிற்றில் பிறந்தவர்கள் நாம். சிக்கனத்தைப் பழித்தால் பெற்ற தாயையே பழித்ததாகும். ஆனால் அந்தச் சிக்கனத்துக்கு ஓர் இலக்கணம் இருந்தது. செலவைக் குறைக்கிறவர் யாரோ, அவரே அந்தக் குறையைத் தாங்கினார். அம்மா சிக்கனம் பிடித்தாள் என்றால் அவள் ஒரு வேளை பட்டினி கிடந்தாள் என்று அர்த்தம். அடுத்த வீட்டுப் பிள்ளையின் சோற்றில் கை வைத்தாள் என்று அர்த்தம் அல்ல.

இந்த இலக்கணத்தை இப்போது பலர் மறந்து வருகிறார்கள். எங்கே மறக்கிறார்கள் என்று கேட்டால், நீங்கள் எதிர்பாராத ஓர் இடத்தைச் சொல்லப் போகிறேன். குறைந்த செலவில் வெளிநாட்டு மலைகளுக்குப் பாறை ஏறப் போகிறார்களே, அவர்களுடைய கணக்கு நோட்டில்தான் மறக்கிறார்கள்.

நான் இருப்பது எர்ணாவூரில். இங்கே மலை கிடையாது. ஆனால் பாறை உண்டு. 1876-ல் சென்னையில் செயற்கைத் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். கரையோரமாக வடக்கே நகர்ந்து கொண்டிருந்த மணலைத் துறைமுகச் சுவர் மறித்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரீனா அகன்றது; வடக்கே ராயபுரத்திலிருந்து எங்கள் பக்கம் வரைக்கும் கடல் கரையைத் தின்றது. தின்றது போக மிச்சத்தைக் காப்பாற்ற லாரி லாரியாகக் கருங்கல்லைக் கொண்டு வந்து கொட்டினார்கள். எந்தக் குன்றை உடைத்த கல்லோ, இன்று எங்கள் குழந்தைகளுக்கு அதுதான் மலை. ஐந்து வயதில் அதன் மேல் தாவப் பழகிய பிள்ளைக்கு, இருபத்தைந்து வயதில் நிஜமான மலையில் ஏற வேண்டும் என்று ஆசை வந்தால் அதில் என்ன அதிசயம் இருக்கிறது?

அதிசயம் இருப்பதாகச் சில பெரியவர்கள் நினைக்கிறார்கள். "நம்மைப் போன்றவர்களுக்கு எதற்கு மலையேற்றம்? அது பணக்காரன் பொழுதுபோக்கு" என்கிறார்கள். 2018-ஆம் ஆண்டு மார்ச் மாதம் குரங்கணி மலையில் காட்டுத் தீ இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போனதைச் சொல்லி வாயை அடைக்கிறார்கள். குரங்கணியை நினைத்தால் எனக்கும் வயிறு கலங்கத்தான் செய்கிறது. ஆனால் அது கற்பித்த பாடம் 'போகாதே' என்பதா, 'ஒழுங்காகப் போ' என்பதா? ஒழுங்காகப் போ என்பதுதான் என்று அரசாங்கமே முடிவு கட்டி, விதிகள் வகுத்து, 2024-ல் தமிழ்நாட்டு மலைகளில் 40 நடைவழிகளைத் திறந்து விட்டது. ஏழைக்கு ஏன் மலை என்று கேட்பவர்களை நான் கேட்கிறேன்: ஏழைக்கு ஏன் கடல் என்று எப்போதாவது கேட்டீர்களா? கடலில் அவனுக்கு வேலை இருக்கிறது, அதனால் கேட்கவில்லை. வேலைக்காகச் சாகலாம், மகிழ்ச்சிக்காக மூச்சு வாங்கக் கூடாது என்பது என்ன நியாயம்?

ஆகவே, போகிறவர்களின் கட்சிதான் நான். அந்த உரிமையில்தான் அவர்களோடு சண்டைக்கு வருகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு பையன். கன்டெய்னர்கள் அடுக்கும் யார்டு ஒன்றில் ஒப்பந்தக் கூலியாகக் கணக்கு எழுதுகிறவன். நண்பர்கள் நாலு பேராகச் சேர்ந்து நேபாளம் போக ஒரு நோட்டில் திட்டம் போட்டு என்னிடம் காட்டினான். பார்த்துப் பூரித்துப் போனேன். நேபாளத்துக்குப் போக நமக்கு விசா வேண்டாம். வாக்காளர் அட்டை இருந்தால் போதும். நம்முடைய நூறு ரூபாய்க்கு அங்கே நூற்று அறுபது ரூபாய். சென்னையிலிருந்து கோரக்பூருக்கு ரயில். அங்கிருந்து சுனௌலி எல்லைக்குப் பஸ். எல்லையைத் தாண்டி இன்னொரு பஸ். முதலில் காட்மாண்டுவை ஒட்டிய நாகார்ஜுன் வனத்தில் இரண்டு நாள் பாறையேற்றப் பழக்கம். பிறகு அன்னபூர்ணா மலைப் பக்கம் ஒரு வார நடை. அன்னபூர்ணாவுக்குள் நுழைய மற்ற வெளிநாட்டாருக்கு 3,000 நேபாள ரூபாய் கட்டணம். சார்க் நாட்டவரான நமக்கு 1,000 தான். இத்தனையையும் விசாரித்து, புளிசாதம் எத்தனை வேளைக்குத் தாங்கும் என்பது வரை எழுதியிருந்தான். ஒரு நல்ல குடும்பத் தலைவியின் நோட்டுப் புத்தகம் போல இருந்தது.

கடைசிப் பக்கத்தில் 'போர்ட்டர்' என்று எழுதி அதற்கெதிரே தொகை போடாமல் விட்டிருந்தான்.

"இது என்னப்பா?" என்றேன்.

"அது அங்க போய்ப் பேரம் பேசிக்கலாம் சார். சீஸன் முடியற சமயம். பாதிக்குப் பாதி இறங்கி வருவாங்களாம். நாலு பேர் மூட்டையையும் ஒரே ஆள் தூக்கிடுவான். அதுலதான் சார் பட்ஜெட்டே நிக்குது."

துறைமுகத்தில் முப்பது வருஷம் மூட்டை தூக்கி ஓய்ந்தவர் அவன் தகப்பனார். திண்ணையிலிருந்து அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நாலு மூட்டையும் சேர்ந்து எத்தினி கிலோடா?"

பையனிடம் பதில் இல்லை. ரயிலுக்கும் புளிசாதத்துக்கும் கணக்கு இருந்தது. ஒரு மனிதனின் முதுகுக்கு இல்லை. இது இவன் ஒருவன் குற்றமல்ல. "அங்கே ஆள்கூலி சல்லிசு, கெட்டியாகப் பேரம் பேசினால் இன்னும் குறைப்பான்" என்று போய் வந்தவர்கள் கைப்பேசியில் பெருமை பேசுகிறார்கள், அதைக் கேட்டு இவன் எழுதுகிறான். நான் சண்டை போடுவது அந்தப் பெருமையோடு.

நேபாளத்து மூட்டைக்காரன் யார்? பனிமலையிலேயே பிறந்து வளர்ந்த ஷெர்பா என்று நினைத்துக் கொள்கிறோம். பெரும்பாலும் இல்லை. ராய், தமாங், மகர் என்று கீழ்மலைகளிலிருந்து பிழைப்புக்கு மேலே ஏறுகிறவர்கள் பலர். உயரத்தில் நமக்கு வருகிற தலைவலி, வாந்தி, மூச்சுத் திணறல் எல்லாம் அவர்களுக்கும் வரும். நம்மூரில் சும்மாடு கட்டிச் சுமப்பது போல, அவர்கள் பிரம்புக் கூடையை முதுகில் ஏற்றி, அதன் பட்டையை நெற்றியில் மாட்டிக் கொள்கிறார்கள். பாரம் முழுவதும் கழுத்தில் இறங்குகிறது. ஓர் ஆளுக்கு 30 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று இவர்களுடைய நலனுக்காகப் பாடுபடுகிறவர்கள் மன்றாடிக் கொண்டிருக்கிறார்கள். நாலு பேர் மூட்டை எத்தனை கிலோ என்று இப்போது நீங்களே கூட்டிப் பாருங்கள்.

இதற்கு ஒரு சமாதானம் தயாராக இருக்கிறது. "நாங்கள் போவதால்தானே அவனுக்குப் பிழைப்பு? கொடுப்பதை வாங்கிக் கொள்ளச் சம்மதித்துத்தானே வருகிறான்?" எவ்வளவு பழைய சமாதானம்! வடசென்னைக்காரனிடம் இதைச் சொல்லலாமா? துறைமுக வாசலில் விடியற்காலையில் கும்பலாக நின்று, மேஸ்திரி விரல் நீட்டியவனுக்கு மட்டும் அன்றைய சோறு என்றிருந்த காலத்தில் இதே வாசகத்தைத்தான் சொன்னார்கள். அவனும் 'சம்மதித்துத்தான்' வந்தான். பசி சம்மதிக்க வைத்தது. அந்தச் சம்மதம் போதாது என்று நாடு தீர்மானித்ததால்தான், துறைமுகத் தொழிலாளருக்கு வேலையை முறைப்படுத்த 1948-ல் ஒரு சட்டமே வந்தது. அதற்கும் முப்பது வருஷம் முன்னால், 1918-ல், இதே வடசென்னையின் பெரம்பூரில் ஆலைத் தொழிலாளர்கள் சங்கம் கண்டார்கள். அந்த மண்ணில் பிறந்த பிள்ளை, எல்லையைத் தாண்டியதும் தானே மேஸ்திரியாகி விரல் நீட்டுவதா? இங்கே தனக்கு ஒப்பந்தக்காரர் செய்வதை அங்கே இன்னொருவனுக்குச் செய்வதா?

மலையேற்றத்தின் சரித்திரத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். 1953-ஆம் ஆண்டு மே 29-ந் தேதி எவரெஸ்டின் உச்சியில் ஹிலாரியோடு நின்ற டென்சிங், 1935-ல் அந்த மலைக்கு முதன் முதலில் போனது மூட்டை சுமக்கத்தான். உச்சி தொட்ட பிறகு ஹிலாரிக்கும் தலைவர் ஹன்ட்டுக்கும் பிரிட்டன் 'சர்' பட்டம் கொடுத்தது. டென்சிங்குக்கு ஒரு பதக்கம் கொடுத்தது. மலை ஒன்றுதான், உயரம் ஒன்றுதான். மரியாதை மட்டும் இரண்டு.

அந்த வழக்கம் ஒழிந்து விட்டதா? 2014 ஏப்ரல் 18-ந் தேதி எவரெஸ்டில் பனிச்சரிவு விழுந்து 16 பேர் மாண்டார்கள். அத்தனை பேரும் பிறர் ஏறுவதற்காகக் கயிறும் சாமானும் கொண்டு போய்க் கொண்டிருந்த நேபாளத் தொழிலாளர்கள். குடும்பத்துக்கு 40,000 நேபாள ரூபாய் என்று அரசாங்கம் முதலில் அறிவித்தது. நம் கணக்கில் இருபத்தையாயிரம். தொழிலாளர்கள் கொதித்தெழுந்தார்கள், அந்தப் பருவத்தில் நேபாளப் பக்கத்து ஏற்றமே நின்று போயிற்று. இன்று அந்தச் சிகரத்தில் ஏற வெளிநாட்டாருக்கு அனுமதிச் சீட்டு மட்டும் 15,000 டாலர். உச்சிக்கு விலை ஏறிக் கொண்டே போகிறது, சுமக்கிறவனிடம்தான் பேரம்.

சிக்கனம் விளையாடக் கூடாத இடம் இன்னொன்றும் உண்டு. அது கயிறு. பழைய சாமான் கடையில் கிடைக்கிற கயிற்றைப் பார்த்து, "கப்பலையே கட்டியது, நம்மைத் தாங்காதா?" என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். பாரத்தைக் கட்டுகிற கயிறு வேறு, விழுகிற மனிதனைப் பிடிக்கிற கயிறு வேறு. பின்னது கொஞ்சம் நீண்டு கொடுத்து, விழுகிற அதிர்ச்சியைத் தான் வாங்கிக் கொள்ளும்படி நெய்யப்பட்டது. அதையுமே, உபயோகிக்காமல் பெட்டியில் வைத்திருந்தாலும், பத்து வருஷத்துக்கு மேல் நம்பாதே என்கிறார்கள் செய்கிறவர்கள். "என் உயிர், என் இஷ்டம்" என்று இங்கே பேச முடியாது. கயிற்றின் ஒரு முனையில் நீ இருந்தால் மறுமுனையில் இன்னொருவன் இருக்கிறான். உன் சிக்கனம் அவன் கையில் கனக்கிறது.

அப்படியானால் கையில் காசில்லாதவன் போகவே கூடாதா? போகலாம், தாராளமாகப் போகலாம். பத்து நாள் போக வசதியில்லையா, ஆறு நாள் போ. உன் மூட்டையை நீயே தூக்கு. தூக்க முடியாத சாமானை வீட்டில் வைத்து விட்டுப் போ. இதைவிடக் கௌரவமான குறைந்த செலவு உலகத்தில் இல்லை. தனியாகச் சுற்றும் வெளிநாட்டார் வழிகாட்டியோடுதான் நடக்க வேண்டும் என்று 2023-ல் நேபாளம் விதி செய்திருக்கிறது. அந்த வழிகாட்டியின் கூலியைச் செலவில் முதல் வரியாக எழுது. கடைசி வரியாக எழுதாதே. ஆள் அமர்த்தினால் நாலு விஷயம் கேள்: அவனுக்கு இன்ஷூரன்ஸ் உண்டா? குளிருக்குச் சட்டையும் செருப்பும் உண்டா? ராத்திரி எங்கே படுப்பான்? எத்தனை கிலோ சுமப்பான்? இந்த நாலுக்கும் திருப்தியான பதில் சொல்லுகிற ஏஜென்சிக்காரன் கூடுதலாகக் கேட்கிற ரூபாய்தான் அந்தப் பிரயாணத்தின் நிஜமான விலை.

பணம் சேர நாளாகும் என்றால், அதற்குள் ஏறக் கற்றுக் கொள். டார்ஜிலிங்கில் 1954-ல் தொடங்கிய மலையேற்றப் பயிற்சிக் கழகம் இருக்கிறது. களப் பயிற்சிக்கு அதன் முதல் இயக்குநராக இருந்தவரே டென்சிங்தான். உத்தரகாசியில் 1965-ல் தொடங்கியது இன்னொன்று. இருபத்தெட்டு நாள் அடிப்படைப் பயிற்சி. இந்தியர்களுக்குச் சலுகைக் கட்டணம். தன் சுமையைத் தானே முதுகில் கட்டி ஏறுவது அங்கே பாடத்தில் ஒரு பகுதி. அதைப் படித்துத் தேறியவனுக்கு மூட்டைக்காரனிடம் பேரம் பேச நாக்கு எழாது.

மலைக்கு மேலே போய்க் கீழே பார்த்தால் எல்லாம் சின்னதாகத் தெரியும் என்கிறார்கள். இருக்கட்டும், வீடும் வயலும் ஆறும் சின்னதாகத் தெரியட்டும். கூடவே மூட்டை சுமந்து வந்த மனிதன் மட்டும் சின்னவனாகத் தெரிந்தால், அந்தப் பயணத்துக்கு நீ கொடுத்தது எத்தனை குறைந்த விலையாக இருந்தாலும் அது நஷ்டக் கணக்குத்தான்.